வாட்ச் காத்திருக்கும்... உடம்பு காத்திருக்குமா?

இப்போதெல்லாம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு புது விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ் வாங்கலாமா, வாஷிங் மெஷின் வாங்கலாமா என்பதெல்லாம் பழைய கதை. 'ஸ்போர்ட்ஸ் வாட்ச் இப்பவே வாங்கலாமா... இல்லே, அடுத்த மாடல் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?' என்பதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு!

"வாங்கிடலாம்" என்பார் அப்பா. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை போனிலேயே, "அவசரப்படாதீங்கப்பா... ரெண்டு மாசத்துல புதுசு வருது" என்பான். "இருக்கிற கைக்கடிகாரம் நல்லாத்தானே ஓடுது?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். கடைசியில் ஒரு முடிவுக்கும் வராமல் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வழக்கு பல சமயம் என் மேஜைக்கும் வந்துவிடுகிறது. 'சித்த வைத்தியருக்கும் ஸ்போர்ட்ஸ் வாட்சுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டுவிடாதீர்கள். வாட்ச் கட்டுகிறோமே, அந்த மணிக்கட்டு... அது எங்கள் ஏரியா! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து மூன்று விரல் வைத்து நாடி பார்த்து வருகிற இடம் அது. அங்கே ஒரு கருவி வந்து உட்காரும்போது, நாலு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டுதானே?

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ச் வாங்குவதைத் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை. ஆனால், 'வாட்ச் வந்த பிறகு நடக்க ஆரம்பிக்கலாம்' என்று நடையையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறீர்களே... அங்கேதான் வம்பு! புது மாடலுக்காகக் காத்திருந்து யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. நடக்காமல் காத்திருந்தவர்களுக்கு வந்த நஷ்டத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

புதுசு வந்துகொண்டேதான் இருக்கும்

முதலில் இந்த 'புது மாடல்' சமாச்சாரத்தைப் பார்த்துவிடலாம்.

மார்பில் ஒரு பட்டையைக் கட்டி, கையில் இருக்கும் வாட்சில் இதயத் துடிப்பைப் பார்க்கும் கம்பியில்லாக் கருவியை, பின்லாந்து நாட்டு 'போலார்' கம்பெனி 1982-லேயே கொண்டுவந்துவிட்டது. ஓடுகிறவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்லும் வாட்ச் வரிசையை 'கார்மின்' கம்பெனி 2003-ல் ஆரம்பித்தது. 2015-ல் ஆப்பிள் வாட்ச் வந்தது. 2018-ல் அதிலேயே ஒரு சின்ன ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியும் வந்தது. 'இன்னும் நல்லது வரட்டும்' என்று 1982-லிருந்து ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தால், இன்றைக்கும் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருப்பார்!

'அடுத்தது எப்போது?' என்று கணக்குப் போட்டுக் காத்திருப்பதும் லேசான காரியம் இல்லை. ஓட்டக்காரர்கள் அதிகம் கட்டும் கார்மின் 'ஃபோர்ரன்னர்' நடுத்தர வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 235 என்ற மாடல் வந்தது 2015-ல். அதற்கடுத்த 245 வந்தது 2019-ல். மூன்றரை வருஷ இடைவெளி. அடுத்த 255 வந்தது 2022 ஜூனில். மூன்று வருஷம். 'ஓஹோ, மூணு வருஷத்துக்கு ஒரு தரம்தான் போல' என்று நம்பி 255-ஐ வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்பதே மாதத்தில், 2023 மார்ச்சில் 265 வந்து நின்றது! சரி, இனி வருஷத்துக்கு ஒன்று என்று நினைத்தவர்களுக்கு, அடுத்ததான 570-ஐப் பார்க்க 2025 மே வரை ஆகிவிட்டது. இதற்கு ஜோசியம் சொல்ல எந்த ஜோசியராலும் முடியாது.

ஒன்பது மாதத்தில் வந்த அந்தப் புதுசில் பெரிசாக என்ன மாறியது? முகம் மாறியது! பளபளவென்று ஒளிரும் திரை வந்தது. இன்னும் சில வசதிகளும் சேர்ந்தன. ஆனால் தோலைத் தொட்டுக்கொண்டு நாடியைப் பார்க்கும் அடிப்பக்க சென்சார் இரண்டிலும் ஒரே தலைமுறைதான். காலையில் அரைமணி நேரம் நடக்கும் ஒருவருக்கு, 255 கட்டியதால் ஆரோக்கியத்தில் அரைக் குந்துமணி கூடக் குறைந்திருக்காது.

அப்படியானால் காத்திருக்கவே கூடாதா? கூடும். இரண்டு சந்தர்ப்பங்களில் காத்திருப்பது புத்திசாலித்தனம். ஒன்று, ஆப்பிள் மாதிரி வழக்கமாக செப்டம்பரில் புதுசு வெளியிடும் கம்பெனி வாட்சை நீங்கள் ஜூலை, ஆகஸ்டில் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு மாதம் பொறுங்கள். புதுசுக்காக இல்லை... புதுசு வந்ததும் பழசின் விலை இறங்கும், அதற்காக! இரண்டு, ஆயுத பூஜை, தீபாவளி தள்ளுபடி பக்கத்தில் இருந்தால் பொறுங்கள். இதெல்லாம் பட்டுப்புடவைக்கும் மிக்ஸிக்கும் நம் வீட்டுப் பெண்கள் போடும் கணக்குதான். வாட்சுக்கும் அதே கணக்கு பேஷாகப் பொருந்தும்.

மணிக்கட்டில் என்ன நடக்கிறது?

வாட்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் குணமுள்ளது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும். ஒளி அதிகமாக உறிஞ்சப்படும். துடிப்புக்கு நடுவில் ரத்தம் குறையும். ஒளி அதிகமாகத் திரும்பும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் '78', '112' என்று காட்டுகிறது. பட்டை தளர்ந்து வாட்ச் ஆடினால், வெளி வெளிச்சம் உள்ளே புகுந்தால், கையை வேகமாக வீசினால், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் எண்ணிக்கை தடுமாறும். இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கும் மார்புப் பட்டை இதைவிட நம்பகமானது. தீவிரமாக ஓடுகிறவர்கள் இன்றும் அதைக் கட்டுவது இதனால்தான்.

அடிகளை எண்ணுவது வேறு சென்சார். அது பார்ப்பது காலை அல்ல, கையின் ஆட்டத்தை! உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்தால்கூட நாலு அடி ஏறலாம். பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தால், பாதி அடி கணக்கில் வராமலே போகலாம். மாமியார் நடந்ததும் மருமகள் நடந்ததும் ஒரே தூரம்... கணக்கு மட்டும் வேறே என்றால், சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்!

கலோரிக் கணக்கு இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு, அப்போது கடையில் இருந்த 7 வகைக் கைப்பட்டை, வாட்சுகளைக் கட்டிப் பரிசோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பில் 7-ல் 6 கருவிகள் 5 சதவிகிதப் பிழைக்குள் நின்றன. சபாஷ்! ஆனால் எரிந்த கலோரியைச் சொல்வதில், இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவிகிதம் தவறியது. மோசமான கருவி 93 சதவிகிதம்! அதற்குப் பிறகு வாட்சுகள் எவ்வளவோ முன்னேறியிருக்கலாம். ஆனால், கலோரி என்பது இன்றும் வாட்ச் அளந்து சொல்வதல்ல. வயசு, எடை, துடிப்பு, அசைவை வைத்து ஊகித்துச் சொல்வது. "400 கலோரி எரிச்சுட்டேன்" என்ற தெம்பில் திரும்பி வரும் வழியில் ரெண்டு மெதுவடையும் ஒரு டபுள் ஸ்ட்ராங் காபியும் உள்ளே தள்ளுகிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படிக்கவும்.

எங்கள் மருத்துவத்தில் நோயைக் கண்டறிய எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். நாடியிலும் எண்ணிக்கை மட்டும் அல்ல. வாதம், பித்தம், கபம் என மூன்று விரலுக்கும் தட்டுப்படும் நடையைப் பார்ப்போம். வாட்ச் செய்வது இந்த எட்டில் ஒன்றில், ஒரு பகுதி. எண்ணிக் கொடுக்கும் அந்த வேலையைச் சலிக்காமல், ராப்பகலாகச் செய்கிறது. அதற்கு மரியாதை கொடுப்போம். மீதி ஏழரைப் பங்கும் அதற்குத் தெரியும் என்று நினைப்பதுதான் தப்பு.

வாங்கினால் நடப்போமா?

"டாக்டர், கையில வாட்ச் இருந்தா ஒரு உந்துதல் வரும் இல்லையா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 35 வயது வரையுள்ள, எடை கூடிய சுமார் 470 பேரை வைத்து இரண்டு வருஷம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆலோசனை உண்டு. ஆறு மாதம் கழித்துப் பாதிப் பேருக்கு உடம்பில் கட்டிக்கொள்ளும் கருவியும் கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைத்திருந்தார்கள். கருவி கட்டியவர்கள் குறைத்தது 3.5 கிலோதான்!

உடனே, "பார்த்தியா, வாட்ச் தண்டம்" என்று அம்மாக்கள் கொடி பிடிக்க வேண்டாம். தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தத் துறையில் அதுவரை வந்த ஏராளமான ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்து 2022-ல் சொன்னது வேறு: இப்படிப்பட்ட கருவி கட்டியவர்கள் தினமும் சுமார் 1,800 அடி கூடுதலாக நடந்தார்கள், எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என் அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது. வாட்ச் நடையைக் கொஞ்சம் கூட்டும். தொப்பையைக் கரைத்துத் தராது. நடக்கிற காலுக்கு அது நல்ல துணை. நடக்காத காலுக்கு அது ஒரு நகை!

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

வாட்ச் வாங்கியவர்கள் எல்லோரும் ஜபிக்கும் மந்திரம் '10,000 அடி'. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடந்து கணக்கை நேர் செய்கிற கணவன்மார்களை எனக்குத் தெரியும். இந்த எண் எந்த மருத்துவப் புத்தகத்திலிருந்தும் பிறக்கவில்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. மறு வருஷம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மன்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். பெயர் பிரபலமானது, எண்ணும் கூடவே உலகம் சுற்றி வந்துவிட்டது.

சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. அடி கூடக்கூட லாபமும் கூடியது. ஆனால் 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, மூட்டுவலியோடு மொட்டைமாடியில் நடக்கும் பாட்டிகள் 10,000 வரவில்லையே என்று மனம் உடைய வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இன்னும் சுலபம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். தினம் அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தாலே 150 வந்துவிடும். 'மிதமான' என்றால் என்ன? அதற்கும் வாட்ச் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான வேகம்!

வாட்சில் 'உச்சத் துடிப்பு' என்று ஒரு கணக்கு வரும். 220-லிருந்து வயதைக் கழிப்பது பழைய வாய்ப்பாடு. 50 வயது என்றால் 170. இது சராசரிக் கணக்கு. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருக்கும். அதைவிட முக்கியம்... ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் குறைத்து வைப்பதுதான். 'வாட்ச் காட்டுற அளவுக்கு ஏறலையே' என்று அவர்கள் மூச்சிரைக்க ஓடுவது விபரீதம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம், எந்த அளவு வரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே கூடாத காத்திருப்பு

இப்போது, நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் ஒருவர், வங்கி ஊழியர். நாற்பதுகளின் கடைசியில் இருக்கிறார். சர்க்கரை இருக்கிறது. "நடங்க" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, "வாட்ச் பார்த்துக்கிட்டு இருக்கேன் டாக்டர்" என்றார். அதற்கடுத்த முறை, "குத்தாமலே சர்க்கரை பார்க்கிற வாட்ச் வரப்போகுதாம். வாங்கினா அதையே வாங்கிடலாம்னு..." என்று இழுத்தார். இப்படியே ஒரு தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு ஏறியிருந்தது. கூட வந்த அவர் மனைவி, "வாட்ச் கடையில இருக்கு... இவரு கால் எங்கே இருக்கு, கேளுங்க டாக்டர்" என்றார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

இவர் மாதிரி காத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு தகவல். தோலைக் குத்தாமல், தானாகவே ரத்த சர்க்கரையை அளப்பதாகச் சொல்லி விற்கும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்குக்கூட தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றும் சொன்னது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறதே, அது வேறு. அது மெல்லிய இழையைத் தோலுக்குள் செலுத்தி அளக்கிறது. அதன் அளவை வாட்சில் பார்க்கலாம், அவ்வளவே. ஆன்லைனில் ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு 'சுகர் பார்க்கும் வாட்ச்' என்று விற்பதை வாங்கி, அது காட்டும் எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுவதோ மாத்திரையை நிறுத்துவதோ உயிரோடு விளையாடுவது. அது ஆங்கில மருந்தாக இருந்தாலும் சரி, சித்த மருந்தாக இருந்தாலும் சரி.

பி.பி. விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். சாம்சங் வாட்சில் பி.பி. பார்க்க, முழங்கைக்கு மேல் கட்டும் வழக்கமான கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் வாட்சில் 2025 செப்டம்பரில் வந்த வசதி, 'உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கலாம்' என்று எச்சரிக்குமே தவிர, 130/80 என்று எண்ணாகச் சொல்லாது. எப்படியும் வீட்டில் கைப்பட்டைக் கருவி ஒன்று வேண்டும். அதை முதலில் வாங்குங்கள்!

இன்னொன்று, இதைக் கட்டம் கட்டிப் படியுங்கள். நெஞ்சு அழுத்துகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது, குப்பென்று வியர்க்கிறது... அப்போது வாட்சைப் பார்த்து, "துடிப்பு 76 தான் காட்டுது, நார்மல்தான்" என்று படுத்துவிடாதீர்கள். மாரடைப்பின்போதும் துடிப்பு எண்ணிக்கை சாதாரணமாக இருக்கலாம். வாட்சில் எடுக்கும் ஈ.சி.ஜி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. 108-க்கு போன் போடுங்கள். வேறு யோசனையே கூடாது.

யார் வாங்கலாம்? யார் பொறுக்கலாம்?

ஓட்டக்காரர்கள்: சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். அதற்குப் பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடும். தூரம், வேகம், துடிப்பு மூன்றும் இவர்களுக்குத் தேவை. எனவே பயிற்சி ஆரம்பிக்கும்போதே, கடையில் இருப்பதை வாங்கிவிடுங்கள். டிசம்பரில் வரும் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் பணம் மிச்சம். பயிற்சிக் கணக்கு போச்சு!

காலை நடைக்காரர்கள்: தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். அதுபோல அளந்து வைத்த பாதையிலோ, தெரிந்த பார்க்கிலோ நடப்பவருக்கு செயற்கைக்கோள் எதற்கு? சட்டைப்பையில் இருக்கும் போனே அடியை எண்ணிவிடும். இவர்கள் தாராளமாகப் பொறுக்கலாம்.

இல்லத்தரசிகள்: இவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நாள் பூராவும் நடப்பவர்கள் இவர்கள்தான். அந்த நடை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் வாட்சே போதும்.

தாத்தா, பாட்டி: பெரிய எழுத்துத் திரை, கீழே விழுந்தால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் வசதி இருந்தால் வாங்கித் தரலாம். ஆனால் ராத்திரி முழுக்க 'தூக்கம் 61 மார்க்' என்று பார்த்துப் பார்த்தே தூக்கத்தைத் தொலைக்கும் சுபாவம் இருந்தால்... வேண்டவே வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள்: ஸ்கூல் டீமில் ஓடுகிறான் என்றால் ஸ்டாப் வாட்ச் உள்ள சாதாரண டிஜிட்டல் கடிகாரம் போதும். மீதிப் பணத்துக்கு நல்ல ஷூ!

வாங்குவது என்று முடிவானால், விரலிடுக்கில் வெளிச்சம் போகாத அளவுக்கு, ஆனால் ரத்தத்தை இறுக்காமல் பட்டை பொருந்துகிறதா என்று கட்டிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே கட்டுங்கள். நம் ஊர் வியர்வைக்கு, நடந்து முடித்ததும் கழற்றி, பட்டையையும் தோலையும் கழுவி, ஈரம் போகத் துடைக்காவிட்டால் அரிப்பும் தடிப்பும் நிச்சயம். ஒரு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டியதா, வாரக்கணக்கில் தாங்குமா என்றும் கேளுங்கள். சார்ஜில் கிடக்கும் வாட்ச் எதையும் எண்ணாது.

ஒரு மண்டலம் போதும்!

'எல்லாம் சரி டாக்டர்... எனக்கு என்ன முடிவு?' என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் மருத்துவத்தில் மருந்துக்கு ஒரு மண்டலம் என்று கணக்கு வைப்போம். 48 நாள். அதே மண்டலத்தை நடைக்கும் வையுங்கள். நாளைக் காலையிலிருந்து, கையில் எதுவும் இல்லாமல், தினமும் அரைமணி. நடந்த நாளில் சமையலறைக் காலண்டரில் ஒரு டிக். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 48 நாளில் சுமார் 35 டிக் விழ வேண்டும்.

30-க்கு மேல் விழுந்திருந்தால், அன்றைக்கே கடைக்குப் போங்கள். புது மாடல் வருகிறதா என்று யாரையும் கேட்காதீர்கள். போன வருஷத்து மாடலை, இறங்கிய விலைக்கு, தைரியமாக வாங்குங்கள். அந்த வாட்ச் உங்கள் கையில் வீணாகாது.

15-லிருந்து 30 என்றால், இன்னும் ஒரு மண்டலம் போன் கணக்கிலேயே ஓட்டுங்கள். எந்தெந்த நாள் டிக் விழவில்லை, ஏன் விழவில்லை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். மழையா, ஆபீஸா, கூட வர ஆள் இல்லையா? அதற்கு வழி பண்ணுங்கள்.

15-க்கும் குறைவா? பணம் பேங்கிலேயே இருக்கட்டும். இந்த நிலையில் ஐம்பதாயிரம் ரூபாய் வாட்சும் ஐநூறு ரூபாய் வாட்சும் உங்களுக்கு மணி பார்க்க மட்டும்தான் பயன்படும். முதலில் ஒருநாள் பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் பன்னிரண்டு நிமிடம். டிக் கூடட்டும்... வாட்ச் எங்கேயும் ஓடிப் போகாது!